“வேண்டாம்” என்று விடப்பட்டவர் கோப்பையை உதைத்துக் கொடுத்தார்! தென்ஆப்பிரிக்க ரக்பி அணித் தேர்வில் நடந்த பலே சூதாட்டம்

33 பேருக்குத்தான் இடம். 34-வது ஆள் எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷனில்தான் பார்க்க வேண்டும்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி தென்ஆப்பிரிக்காவின் உலகக் கோப்பை ரக்பி அணி அறிவிக்கப்பட்டது. அதில் இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்களில் ஒருவர் ஹாண்ட்ரே பொல்லார்ட். (வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் பொல்லார்ட் வேறு. இவர் வேறு.)

இவர் சாதாரண ஆள் அல்ல. அதற்கு முந்தைய உலகக் கோப்பை 2019-ல் ஜப்பானில் நடந்தது. இறுதிப் போட்டியில் தென்ஆப்பிரிக்கா 32-12 என்ற கணக்கில் இங்கிலாந்தை அடித்து நொறுக்கியது. அந்த 32 புள்ளிகளில் 22 புள்ளி பொல்லார்ட் ஒருவரின் காலில் இருந்து வந்தவை!

அப்பேர்ப்பட்டவர் பெயர் பட்டியலில் இல்லை.

பட்டியல் வந்த 81-வது நாள், அக்டோபர் 28-ந் தேதி, பாரீஸ் அருகே நடந்த இறுதிப் போட்டியில் தென்ஆப்பிரிக்கா 12-11 என்ற கணக்கில் நியூசிலாந்தை வென்றது. அந்த 12 புள்ளிகளையும் எடுத்தவர் யார் தெரியுமா? பட்டியலில் இல்லாத அதே பொல்லார்ட்தான்!

இடையில் என்ன நடந்தது? அவருக்கு இடம் கொடுப்பதற்காக யாருடைய இடம் போயிற்று? அதில்தான் விஷயமே இருக்கிறது.

பிளை-ஹாப், ஹூக்கர்

ரக்பியில் ஒரு பக்கத்துக்கு 15 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். கபடியில் பிடிப்பதுபோல எதிரி பாய்ந்து மடக்குவான். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் 5 புள்ளி. அதற்கு “டிரை” என்று பெயர். டிரை எடுத்தபின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் மேலும் 2. எதிரி தப்பாட்டம் ஆடினால் பெனால்டி உதை. அது 3 புள்ளி.

இந்த உதை வேலை பெரும்பாலும் 10-ம் நம்பர் சட்டைக்காரருக்கு. அவரை “பிளை-ஹாப்” என்பார்கள். எந்தப் பக்கம் ஆட்டத்தைத் திருப்புவது என்று முடிவு செய்கிறவரும் அவரே. கப்பலுக்கு மாலுமி மாதிரி.

2-ம் நம்பர்காரர் “ஹூக்கர்”. எட்டு பேரும் எட்டு பேரும் தலையை முட்டி, தோளோடு தோள் கோர்த்துத் தள்ளுகிறார்களே, அந்த “ஸ்க்ரம்” கூட்டத்தில் முன்வரிசை நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் இவர்தான். பந்து வெளியே போனால் அதை உள்ளே எறிவதும் இவர் வேலை. முன்வரிசையில் கண்டவரை நிறுத்த முடியாது. கழுத்து முறிந்துவிடும். அதனால் மாற்று ஆட்கள் 8 பேரில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற 3 பேர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆள் தீர்ந்துபோனால் ஸ்க்ரமில் தள்ளுமுள்ளே கிடையாது. பேருக்குக் குனிந்து நிமிர வேண்டியதுதான்.

தள்ளுமுள்ளுதான் தென்ஆப்பிரிக்காவின் பிழைப்பே!

பட்டியலைப் பார்த்ததும் கொதிப்பு

பொல்லார்டுக்குக் கெண்டைக்கால் சதையில் காயம். இன்னும் சரியாகவில்லை என்பதால் சேர்க்கவில்லை என்று பயிற்சியாளர் ஜாக் நீனாபரும், அவருக்கு மேலே இருந்த ரஸ்ஸி எராஸ்மசும் விளக்கம் சொன்னார்கள். நடுக்கள ஆட்டக்காரர் லுக்கானியோ ஆமுக்கு முழங்காலில் காயம். அவரும் இல்லை. நெட்டை மனிதர் லூட் டி ஜாகர் உடல்நலக் குறைவு காரணமாக இல்லை. மூவருமே 2019 கோப்பையைத் தூக்கியவர்கள்.

ஆனால் கேப்டன் சியா கோலிசி மட்டும் இருந்தார். அவருக்கு ஏப்ரல் மாதம்தான் முழங்கால் தசைநார் கிழிந்து ஆபரேஷன் நடந்தது. நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. “கேப்டனுக்கு ஒரு நியாயம், பொல்லார்டுக்கு ஒரு நியாயமா?” என்று கேட்டவர்கள் உண்டு. ஆகஸ்டு 19-ந் தேதி வேல்ஸ் நாட்டுக்கு எதிராகக் கோலிசி களத்தில் இறங்கி ஓடிக் காட்டியபின் அந்தப் பேச்சு அடங்கியது. அந்த ஆட்டத்தில் தென்ஆப்பிரிக்கா 52-16 என்று ஜெயித்தது.

டி ஜாகர் இல்லாத வரிசையில் ஜீன் கிளெய்ன் என்பவர் வந்தார். இவர் 2019 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு ஆடியவர்! பிறந்த நாட்டுக்குத் திரும்பி வந்து ஆடலாம் என்று விதி மாறியதால் 2023-ல் தென்ஆப்பிரிக்கச் சட்டையைப் போட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வாக்குவாதம் “ஸ்க்ரம்-ஹாப்” என்கிற 9-ம் நம்பர் இடத்தைப் பற்றியது. வழக்கமாக 3 பேரை அழைத்துப் போவார்கள். நீனாபர் 4 பேரை எடுத்திருந்தார். பாப் டி கிளார்க், கோபஸ் ரைனாக், ஜேடன் ஹெண்ட்ரிக்ஸ், கிராண்ட் வில்லியம்ஸ். ஆனால் 10-ம் நம்பருக்கு முழுநேர ஆள் மானி லிபோக் ஒருவர்தான். ஹூக்கர் இரண்டே பேர். மால்கம் மார்க்ஸ், போங்கி எம்போனாம்பி.

“ஓட்டலில் நாலு சரக்கு மாஸ்டர், ஒரே ஒரு டீ மாஸ்டர் என்றால் எப்படி?” என்று நம் ஊர்க்காரர் கேட்டிருப்பார்.

தேர்வாளர்கள் சும்மா செய்யவில்லை. அவர்கள் கணக்கு வேறு. வில்லியம்ஸ் ஓரத்தில் ஓடும் “விங்” ஆட்டமும் ஆடுவார். டி கிளார்க் தேவைப்பட்டால் 10-ம் நம்பரும் ஆடுவார், நீண்ட தூரத்தில் இருந்து உதைக்கவும் உதைப்பார். டேமியன் வில்லெம்ஸ் எங்கே போட்டாலும் ஆடுவார். ஹூக்கர் குறைந்தால் டியான் போரி, மார்கோ வான் ஸ்டாடன் இருவரும் சமாளிப்பார்கள். ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தால் 33 பேரை 40 பேராக்கி விடலாம். சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கல்லாவில் உட்காருகிற பையனே சரக்கும் எடுத்துக் கொடுப்பான். இருவருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வராத வரைக்கும் இது நல்ல ஏற்பாடு.

லிபோக் எப்படிப்பட்டவர்?

லிபோக்கைக் குறை சொல்லிவிட முடியாது. காற்று மாதிரி ஆட்டம். எதிரியின் சுவரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். செப்டம்பர் 10-ந் தேதி மார்செய் நகரில் முதல் ஆட்டம். எதிரி ஸ்காட்லாந்து. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு பக்கம் பந்தை உதைத்தார் லிபோக். அது நேராகப் போய்க் குர்ட்-லீ அரென்ட்சே கையில் விழுந்தது. டிரை! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். 18-3 என்று தென்ஆப்பிரிக்கா வென்றது.

குறை ஒன்றே ஒன்றுதான். கம்பத்துக்கு நடுவே உதைக்கும்போது கால் சில நாள் ஒத்துழைக்கும், சில நாள் ஒத்துழைக்காது. பொல்லார்டின் கால் அப்படி அல்ல. பாங்கில் போட்ட பணம் மாதிரி.

ஆட்டத்தை ஓட்ட லிபோக்கா, புள்ளியைச் சேர்க்கப் பொல்லார்டா? தென்ஆப்பிரிக்க ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

மார்க்சுக்குக் காயம்

அந்த வாரமே இடி விழுந்தது. பயிற்சியில் ஹூக்கர் மார்க்சுக்கு முழங்காலில் காயம். இனி இந்தப் போட்டியில் ஆட முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள். உலகத்தின் தலைசிறந்த ஹூக்கர்களில் ஒருவர் அவர்.

விதி என்ன? ஒருவர் காயத்தால் வெளியே போனால் இன்னொருவரை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் போனவர் போனவர்தான். திரும்ப வர முடியாது. ஒரு இடம் காலி, ஒரு ஆள் உள்ளே. அவ்வளவுதான்.

ஹூக்கர் போனால் ஹூக்கரைத்தானே அழைக்க வேண்டும்? அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. ஜோசப் டுவேபா என்ற ஹூக்கர் ஏற்கனவே நாட்டுக்காக ஆடியவர். அவருக்குத்தான் டிக்கெட் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

செப்டம்பர் 17-ந் தேதி ருமேனியாவை 76-0 என்று தென்ஆப்பிரிக்கா துவைத்து எடுத்த அன்று அறிவிப்பு வந்தது. மார்க்சுக்குப் பதில்… பொல்லார்ட்!

அன்றைய ஆட்டத்தில் 9-ம் நம்பர்காரர் வில்லியம்சை விங் இடத்தில் ஆடவிட்டுப் பார்த்திருந்தார்கள். போரியை ஹூக்கராக இறக்கிப் பார்த்திருந்தார்கள். அதாவது முடிவை எடுத்துவிட்டுத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

எதிர்த்தவர்கள் சொன்னது இதுதான்:- இனி அசல் ஹூக்கர் எம்போனாம்பி ஒருவரே. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? போரிக்கு 37 வயது நெருங்குகிறது. இளமையில் ஹூக்கராக ஆடியவர்தான். ஆனால் பிறகு பின்வரிசைக்கு மாறிவிட்டவர். 35-வது வயதில்தான், 2022-ல், முதன்முதலாகத் தென்ஆப்பிரிக்க அணிக்கு வந்தார். அவரை நம்பி உலகக் கோப்பைக்குப் போவதா?

ஆதரித்தவர்கள் சொன்னது:- உலகக் கோப்பையின் கடைசி ஆட்டங்கள் ஒரு உதையில்தான் முடியும். அந்த உதையை உதைக்க ஆள் வேண்டும்.

இரண்டுமே நியாயமான பேச்சு. இரண்டு பேச்சும் பலித்தது என்பதுதான் வேடிக்கை.

முன்பும் நடந்தது உண்டு

கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர் கதை ரக்பியில் புதிது அல்ல.

1995-ல் உலகக் கோப்பை தென்ஆப்பிரிக்காவிலேயே நடந்தது. நெல்சன் மண்டேலா ஜனாதிபதியாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அணியில் வெள்ளையர் அல்லாத ஒரே வீரர் செஸ்டர் வில்லியம்ஸ். காலில் காயம் என்று அவர் விலக வேண்டியதாயிற்று. பீட்டர் ஹெண்ட்ரிக்ஸ் என்பவர் அந்த இடத்தில் ஆடினார். நன்றாகவே ஆடினார். ஆனால் கனடாவுடன் நடந்த ஆட்டத்தில் அடிதடி மூண்டு, ஹெண்ட்ரிக்சுக்குத் தடை விழுந்தது. உடனே வில்லியம்சை அழைத்தார்கள். கால் இறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக அவர் ஒருவரே 4 டிரை எடுத்தார்!

2011-ல் நியூசிலாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அவர்களுடைய 10-ம் நம்பர் டான் கார்ட்டர் உலகப் புகழ் பெற்றவர். பயிற்சியில் காயம். அடுத்தவர் காலின் ஸ்லேடு. அவருக்கும் காயம். உடனே பயிற்சியாளர் கிரகாம் ஹென்றி நாலாவது ஆளான ஸ்டீபன் டொனால்டைப் போனில் தேடினார். கிடைக்கவில்லை. டொனால்டு வைகாட்டோ ஆற்றங்கரையில் பொடி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்! ஒரு வருஷத்துக்கு முன்னால் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதற்குக் காரணம் இவர்தான் என்று ரசிகர்கள் வறுத்தெடுத்த மனிதர் அவர்.

இறுதிப் போட்டியில் மூன்றாவது ஆள் ஆரோன் குரூடனுக்கும் கால் போயிற்று. டொனால்டு உள்ளே வந்தார். சட்டை சின்னதாக இருந்தது. வயிறு தெரிந்தது. அந்த நிலையில் அவர் உதைத்த ஒரு பெனால்டிதான் கோப்பை. நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7.

தேர்வு காலை வாரிவிட்டதும் உண்டு. 2015-ல் இங்கிலாந்து தன் நாட்டிலேயே நடந்த போட்டிக்குச் சாம் பர்ஜஸ் என்பவரை எடுத்தது. 13 பேர் ஆடும் “ரக்பி லீக்” என்ற வேறு வகை ஆட்டத்தில் அவர் சக்கரவர்த்தி. 15 பேர் ஆட்டத்துக்கு வந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. கிளப்பில் அவர் முன்னணிப் படையில் ஆடினார். நாட்டு அணியில் நடுக்களத்தில் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் ஆடிப் பழகிய லூதர் பர்ரெலுக்கு இடம் இல்லை. இங்கிலாந்து வேல்ஸ் நாட்டிடம் 25-28, ஆஸ்திரேலியாவிடம் 13-33 என்று தோற்று முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. தனியாகப் போட்டி நடத்திய நாடு ஒன்று அப்படி வெளியேறியது அதுவே முதல் தடவை. தோல்விக்குப் பர்ஜஸ் ஒருவர் மட்டும் காரணம் அல்ல. ஆனால் பழி எல்லாம் அவர் தலையில் விழுந்தது. சில வாரங்களில் பழைய ஆட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

11 புள்ளி கோட்டை

2023-க்கு வருவோம். செப்டம்பர் 23-ந் தேதி அயர்லாந்துடன் ஆட்டம். பொல்லார்டை இன்னும் களத்தில் இறக்கவில்லை. தென்ஆப்பிரிக்கா 8-13 என்று தோற்றது. லிபோக்கும் டி கிளார்க்கும் உதைத்ததில் 11 புள்ளிக்கான உதைகள் கம்பத்துக்கு வெளியே போயின. தோற்றது 5 புள்ளியில்! கூட்டிக் கழித்துப் பார்க்கப் படிப்பு தேவையில்லை.

அக்டோபர் 1-ந் தேதி டோங்கா தீவு அணியுடன் ஆட்டம். பொல்லார்ட் முதல் ஆளாக இறங்கினார். 4 உதை; நாலும் உள்ளே. 49-18 என்று வெற்றி. அதே ஆட்டத்தில் மக்கசோலி மப்பிம்பிக்கு முகத்தில் எலும்பு முறிவு. அவருக்குப் பதில் அழைக்கப்பட்டவர், பட்டியலில் விடுபட்ட லுக்கானியோ ஆம். இப்படி விடுபட்ட மூவரில் இருவர் உள்ளே வந்துவிட்டார்கள்.

கால் இறுதி. எதிரி, போட்டி நடத்தும் பிரான்ஸ். பாரீஸ் நகரமே மைதானத்தில் இருந்தது. தேர்வாளர்கள் முதலில் இறக்கியது லிபோக்கைத்தான்! இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் அவரை அழைத்துக்கொண்டு பொல்லார்டை அனுப்பினார்கள். ஈபன் எட்ஸ்பெத் டிரை எடுக்க, பொல்லார்ட் அதற்கு 2 சேர்த்தார். பிறகு வெகு தூரத்தில் இருந்து ஒரு பெனால்டி. 29-28. ஒரே ஒரு புள்ளி! அதே ஆட்டத்தில் செஸ்லின் கோல்பே ஓடி வந்து பிரான்சின் உதை ஒன்றைக் கையால் தடுத்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த 2 புள்ளி போயிருந்தால் எல்லாக் கணக்கும் மாறியிருக்கும்.

அரை இறுதி. எதிரி இங்கிலாந்து. மழை. மறுபடியும் லிபோக்தான் முதல் ஆள். ஆட்டம் எடுபடவில்லை. 31-வது நிமிஷத்தில், இடைவேளைக்கு முன்பே, அவரை வெளியே அழைத்து விட்டார்கள். காயம் ஒன்றும் இல்லை. உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வாலிபன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். இரக்கமில்லாத முடிவு. சரியான முடிவும் அதுவே.

10 நிமிஷம் பாக்கி இருக்கும்போது இங்கிலாந்து 15-6 என்று முன்னால் இருந்தது. ஸ்னைமன் டிரை எடுத்தார். பொல்லார்ட் 2 சேர்த்தார். 15-13. பிறகு ஸ்க்ரமில் இங்கிலாந்தை நசுக்கி ஒரு பெனால்டி வாங்கினார்கள். கம்பம் எங்கேயோ இருந்தது. பொல்லார்ட் நிதானமாகப் பந்தை வைத்தார். உதைத்தார். 16-15!

மறுபடி ஒரு புள்ளி.

மூன்றாவது நிமிஷம்

இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம் ஹூக்கர் பிரச்சினை வேறு வடிவத்தில் தலைதூக்கியது. அரை இறுதியில் எம்போனாம்பி தகாத வார்த்தை பேசினார் என்று இங்கிலாந்து வீரர் ஒருவர் புகார் சொன்னார். விசாரணை நடந்தது. தடை விழுந்தால் அணியில் அசல் ஹூக்கரே இருக்கமாட்டார்! போதிய ஆதாரம் இல்லை என்று உலக ரக்பி அமைப்பு முடிவு சொன்னபிறகுதான் தென்ஆப்பிரிக்கர்களுக்கு மூச்சு வந்தது.

இறுதிப் போட்டிக்கான பட்டியல் அதைவிடத் துணிச்சல். 8 மாற்று ஆட்களில் 7 பேர் முன்னணிப் படைக் குண்டர்கள். ஓடும் ஆட்டக்காரர் ஒருவர் மட்டும், வில்லி லெ ரூ. உலகக் கோப்பைக்கு 4 ஸ்க்ரம்-ஹாப் அழைத்து வந்தவர்கள், இறுதிப் போட்டிக்கு டி கிளார்க் ஒருவரை மட்டும் இறக்கினார்கள். மாற்று ஆள் கிடையாது. லிபோக்குக்கு 23 பேரில்கூட இடம் இல்லை. முதல் ஆளாகப் பொல்லார்ட்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிஷம். எம்போனாம்பியின் காலில் நியூசிலாந்து வீரர் ஒருவர் விழுந்தார். முழங்கால் போயிற்று. நொண்டிக்கொண்டு வெளியே போனார் எம்போனாம்பி.

அதாவது எதிர்த்தவர்கள் எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அதே விஷயம், வேறு எந்த ஆட்டத்திலும் நடக்காமல், இறுதிப் போட்டியில், மூன்றே நிமிஷத்தில் நடந்துவிட்டது!

உள்ளே வந்தார் டியான் போரி. ஒரு மாதம் முன்புதான் 37 வயது முடிந்திருந்தது. இனி முழு ஆட்டமும் அவர்தான். அவருக்கும் ஒரு சுளுக்குப் பிடித்தால் ஹூக்கர் என்று சொல்ல 23 பேரில் ஆள் இல்லை. தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரம்தான் கதி. அப்படி ஆகியிருந்தால் 7 குண்டர்களைப் பெஞ்சில் வைத்திருந்தும் என்ன பிரயோஜனம்?

போரி சளைக்கவில்லை. ஆனால் பந்தை உள்ளே எறிகிற “லைன்-அவுட்” வேலையில் தென்ஆப்பிரிக்கா தடுமாறியது. நியூசிலாந்து அந்தப் பலவீனத்தை விடாமல் குத்தியது. மார்க்ஸ் இருந்திருந்தால்? டுவேபாவையாவது அழைத்திருந்தால்? தென்ஆப்பிரிக்க ரசிகர்கள் நகத்தைக் கடித்துத் துப்பினார்கள்.

இன்னொரு பக்கம் பொல்லார்ட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாதியில் 4 பெனால்டி. நாலும் உள்ளே. 12 புள்ளி. அதற்குப்பிறகு தென்ஆப்பிரிக்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை!

நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இறுதிப் போட்டி வரலாற்றில் அது முதல் சிவப்பு அட்டை. 14 பேரை வைத்துக்கொண்டே அவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பியூடன் பாரெட் டிரை எடுத்தார். 11-12. அதற்கான 2 புள்ளி உதையை மோவுங்கா ஓரத்தில் இருந்து உதைத்தார். வெளியே! கடைசிக் கட்டத்தில் ஜோர்டி பாரெட் நீண்ட தூரப் பெனால்டி உதைத்தார். அதுவும் வெளியே!

மணி அடித்தது. தென்ஆப்பிரிக்கா 12. நியூசிலாந்து 11. மூன்று நாக்-அவுட் ஆட்டம். மூன்றிலும் ஒரே புள்ளி. 1995, 2007, 2019, 2023 என்று நாலாவது கோப்பை. வேறு எந்த நாட்டுக்கும் நாலு கிடையாது. டிசம்பர் 15-ந் தேதி நாட்டுக்கே லீவு விட்டார் ஜனாதிபதி ராமபோசா.

பொல்லார்ட் அந்தப் போட்டி முழுவதும் கம்பத்தைக் குறிவைத்து உதைத்தது 13 தடவை. பதிமூன்றும் உள்ளே.

யார் சொன்னது சரி?

கோப்பை வந்தபின் தேர்வாளர்களுக்கு மாலை மரியாதை. ஆனால் மோவுங்காவின் உதை ஒரு கெஜம் உள்ளே போயிருந்தால்? ஹூக்கரை அழைக்காத குற்றத்துக்காக நீனாபரையும் எராஸ்மசையும் ஊர் சும்மா விட்டிருக்காது. 13 உதை கணக்கும் எடுபட்டிருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஆகஸ்டிலேயே பொல்லார்டைச் சேர்த்து, 4 ஸ்க்ரம்-ஹாப் என்பதை 3 ஆக்கியிருந்தால், மார்க்ஸ் போனபோது அந்த இடத்தில் டுவேபாவை அழைத்திருக்கலாம். உதைக்காரரும் இருந்திருப்பார், ஹூக்கரும் இருந்திருப்பார். செப்டம்பரில் எடுத்தது துணிச்சலான முடிவு. ஆகஸ்டில் செய்த தப்புதான் அதைத் துணிச்சலான முடிவாக்கியது. ஜெயித்த மயக்கத்தில் இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

போட்டி முடிந்ததும் நீனாபர் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் கிளப்புக்குப் போனார். 2024-ல் எராஸ்மசே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். லிபோக்கை அவர் கைவிடவில்லை. மறுபடி மறுபடி எடுத்தார். 2024 செப்டம்பர் 21-ந் தேதி அர்ஜென்டினாவில் ஒரு ஆட்டம். கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. உதைக்க வந்தவர் லிபோக். வெளியே போயிற்று. தென்ஆப்பிரிக்கா 28, அர்ஜென்டினா 29. பழைய இரண்டு கட்சியும் மறுநாளே மறுபடி கடை விரித்தன.

அதற்குள் மூன்றாவது கட்சி ஒன்றும் முளைத்துவிட்டது. சாஷா பெயின்பெர்க்-இம்கோமசூலு. 2024-ல் அணிக்கு வந்த இளைஞர். 2025 செப்டம்பரில் டர்பன் நகரில் அர்ஜென்டினாவை 67-30 என்று தோற்கடித்தபோது இவர் ஒருவரே 37 புள்ளி எடுத்தார். லிபோக் மாதிரி ஓடுகிறார், உதைக்கவும் உதைக்கிறார்.

அடுத்த உலகக் கோப்பை 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில். 10-ம் நம்பர் சட்டை ஒன்றுதான். பொல்லார்டுக்கு அப்போது 33 வயது. வயது ஆகிவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். மற்றவர்கள் உடனே டியான் போரியைக் காட்டுகிறார்கள். இறுதிப் போட்டியில் 77 நிமிஷம் ஹூக்கராக நின்றபோது அவருக்கு 37.